ஒஸ்தாரா: சொல்லின் வேரும் வீட்டில் கொண்டாடும் முறையும்

ஒஸ்தாரா என்பது, பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும் மார்ச் 20ஐ ஒட்டி, வடகோளத்தில் பேகன் நெறியினர் (கிறித்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய வழிபாட்டு மரபுகளை இன்று மீட்டெடுத்துப் பின்பற்றுபவர்கள்) கொண்டாடும் வசந்த விழா. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் பல குடும்பங்கள் குழந்தைகளோடு வீட்டிலேயே இதைக் கொண்டாடுகின்றன. அவர்களுடைய ‘ஆண்டுச் சக்கரம்’ எட்டு விழாக்களைக் கொண்டது. அதில் பிப்ரவரி இம்போல்குக்கும் மே 1 பெல்டேனுக்கும் நடுவில் வருவது இது. தென்கோளத்தில் இருப்பவர்கள் செப்டம்பரில் கொண்டாடுவார்கள்.

பெயருக்கான மிகப் பழைய சான்று 725ஆம் ஆண்டைச் சேர்ந்தது. காலக்கணிதம் பற்றி லத்தீனில் எழுதிய பீட் என்ற ஆங்கிலத் துறவி, ஆங்கிலேயர் ஏப்ரலை ஒட்டிய மாதத்துக்கு எயோஸ்த்ரே என்ற பெண் தெய்வத்தின் பெயரை வைத்திருந்தார்கள் என்று போகிற போக்கில் குறிப்பிடுகிறார். அவளுடைய உருவம், கதை, சடங்கு எதையும் அவர் சொல்லவில்லை. 1835இல் ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம், ஜெர்மானியரிடமும் இவளை ஒத்த ‘ஒஸ்தாரா’ இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். 1958இல் ஜெர்மனியின் மோர்கன்-ஹார்ஃப் அருகே, ‘ஆஸ்திரியாஹெனே’ என்ற அன்னைத் தெய்வங்களுக்கான ரோமானியர் காலக் கல்வெட்டுகள் நூற்றைம்பதுக்கு மேல் கிடைத்தன. பெயரின் வேர் வெறும் கற்பனையல்ல என்று வாதிடுபவர்களுக்கு அவை வலுச் சேர்த்தன.

வேர்ப்பொருள் விடியல். கிழக்கைக் குறிக்கும் ‘ஈஸ்ட்’, கிரேக்க ஈயோஸ், லத்தீன் அவுரோரா, வடமொழி உஷஸ் எல்லாம் ஒரே குடும்பம். நம் வீட்டுப் பெண்களுக்கு வைக்கும் உஷா என்ற பெயரும் அங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் இன்றைய சமநாள் விழாவுக்கு இந்தப் பெயரைச் சூட்டியவர் எய்டன் கெல்லி என்ற அமெரிக்கர், 1974இல். ஆகவே, ஒஸ்தாரா தேவி ஒரு பறவையை முயலாக்கினாள், அந்த முயல் முட்டையிட்டது என்ற கதையைக் குழந்தைக்குத் தாராளமாகச் சொல்லலாம். ‘ஆயிரமாண்டுப் பழங்கதை’ என்று மட்டும் சொல்ல வேண்டாம், அது 19ஆம் நூற்றாண்டில் உருவானது. ஈஸ்டருக்கு முட்டை ஒளிக்கும் முயல் அதற்கு முந்தியது, 1682லேயே பதிவாகியிருக்கிறது.

தமிழில் எப்படிச் சொல்வது? விழாவின் பெயரை ஒஸ்தாரா என்றே வைத்துக்கொண்டு, விளக்கமாக ‘வசந்த சமநாள் விழா’ எனலாம். ‘இளவேனில் விழா’ பொருந்தாது. நம் கணக்கில் இளவேனில் சித்திரையும் வைகாசியும். மார்ச் 20 பங்குனியில், பின்பனியில் விழுகிறது. நம்மிடம் சமநாளின் தடம் வேறோர் இடத்தில் இருக்கிறது: சித்திரை விஷு. விஷுவம் என்றால் பகலிரவுச் சமம். நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடும் ஆண்டு என்பதால், நூற்றாண்டுகளில் அது உண்மையான சமநாளிலிருந்து மூன்று வாரங்களுக்கு மேல் நகர்ந்துவிட்டது. ‘பேகன்’ என்பதற்குப் பழைய கிறித்தவத் தமிழில் வழங்கிய ‘அஞ்ஞானி’ வேண்டவே வேண்டாம், அது வசைச்சொல். அவர்கள் தங்களைப் பேகன் என்றே அழைத்துக்கொள்கிறார்கள், நாமும் அப்படியே எழுதுவோம்.

வீட்டில் மையமான வேலை முட்டைக்குச் சாயமேற்றுவது. ஒரு லிட்டர் தண்ணீரில் நான்கு கைப்பிடி பெரிய வெங்காயச் சருகைப் போட்டு அரைமணி நேரம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஆறியதும் இரண்டு மேசைக்கரண்டி வினிகர் சேர்க்க வேண்டும். வெள்ளை ஓட்டு முட்டைகளைத் தனியே வேகவைக்கவும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததைக் கொதிநீரில் போட்டால் ஓட்டில் விரிசல் விழும். குளிர்ந்த நீரிலிருந்தே சூடேற்றிக் கொதி வந்தபின் பத்து நிமிடம் போதும். கையின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் சாயம் ஒட்டாது, எனவே வினிகர் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள்.

குழந்தைகளுக்குப் பிடித்தது இலைப்பதிவு. கொத்தமல்லி இலையை நனைத்து ஓட்டில் படியவைத்து, பழைய நைலான் காலுறைத் துண்டில் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் விட வேண்டும். அரைமணியில் ஆரஞ்சு, ஃப்ரிட்ஜில் ஓரிரவு வைத்தால் செங்கல் நிறம். கட்டு தளர்ந்தால் இலைக்கடியில் சாயம் புகுந்து உருவம் கலங்கும். அதிக வினிகர் ஊற்றினால் ஓட்டின் சுண்ணாம்பு கரைந்து, தேய்த்தால் நிறம் உரிந்து வரும். பளபளப்புக்கு எண்ணெய் தடவுவது உலர்ந்த பிறகுதான். முட்டைகளை ஒளித்து விளையாடும்போது எங்கெங்கே வைத்தோம் என்று எழுதி வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்த முட்டையைத் தின்னக் கொடுக்கக் கூடாது.

ஒரு வாரம் முன்பே, கழுவிய முட்டையோட்டில் பஞ்சு வைத்துக் கடுகு தூவினால் விழாவன்று பச்சை முளை தயார். அடியில் ஊசித்துளை போடாவிட்டால் நீர் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

சமநாளன்று மட்டும்தான் முட்டை செங்குத்தாக நிற்கும் என்பது தவறு. ஓட்டின் நுண்ணிய மேடுகளே அதைத் தாங்குகின்றன, பொறுமை இருந்தால் எந்த நாளும் நிற்கும். சமநாளுக்கே உரியது சூரியன் நேர்கிழக்கில் உதிப்பது. அன்று காலை சன்னல் விளிம்பில் சுண்ணக்கட்டியால் அந்தத் திசையைக் குறித்து வைத்தால், ஜூன் வரை உதயம் எவ்வளவு வடக்கே நகர்கிறது என்று குழந்தையே பார்த்துக்கொள்ளும்.