வாலைப் பார்த்து ஆள் தேடும் விண்டோஸ்

விண்டோஸ் 7 காலத்தில் ஒருநாள், ஷார்ட்கட்டுக்குள் என்னதான் இருக்கிறது பார்ப்போமே என்று ஒன்றை நோட்பேடில் திறக்கப் போனேன். ‘இந்த வகைக்கு எப்போதும் இதுவே’ என்ற கட்டத்தில் டிக் இருந்ததைக் கவனிக்கவில்லை. அடுத்த நொடி, டெஸ்க்டாப்பில் இருந்த ஷார்ட்கட்கள் அத்தனையும் நோட்பேட் வேஷம் கட்டிக்கொண்டன. பிரவுசரைத் தட்டினாலும் நோட்பேட், பிரிண்டரைத் தட்டினாலும் நோட்பேட். உள்ளே வாயில் நுழையாத எழுத்துக் குவியல். வைரஸ்தான் என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி நிறுவும் யோசனைக்கே வந்துவிட்டேன். பிசகியிருந்ததோ ஒரே ஒரு பதிவு.

ஒரு கோப்பை இரண்டு முறை தட்டியதும், அதை எந்த மென்பொருளிடம் கொடுப்பது என்பதை விண்டோஸ் கோப்பைப் பிரித்துப் பார்த்து முடிவுசெய்வதில்லை. பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகளை மட்டும் பார்க்கிறது. எக்ஸ்டென்ஷன் என்கிற இந்த வால் பழைய சொத்து. எட்டெழுத்துப் பெயர், மூன்றெழுத்து வால் என்று 1970களின் சிபி/எம் என்ற இயங்குதளம் வைத்திருந்த வழக்கத்தை, பின்னால் வந்த டாஸ் என்ற இயங்குதளம் எடுத்துக்கொண்டது; டாஸிடமிருந்து விண்டோஸுக்கு வந்தது. உள்ளே பார்த்தால் அடையாளம் கிடைக்காமல் இல்லை. பிடிஎஃப் கோப்பின் முதல் வரியிலேயே ‘பிடிஎஃப்’ என்று எழுதியிருக்கும். ஜிப் கோப்பு ‘பிகே’ என்று தொடங்கும். அந்த வடிவத்தை உருவாக்கிய ஃபில் கட்ஸின் பெயர்ச்சுருக்கம் அது. (வேர்டின் டாக்எக்ஸும் உள்ளுக்குள் ஒரு ஜிப்தான், அதுவும் ‘பிகே’ என்றே தொடங்கும்.) 1984இல் வந்த மெக்கின்டாஷ் வேறு வழியில் போனது: கோப்பின் வகை ஒன்று, அதை உருவாக்கிய மென்பொருள் ஒன்று என இரண்டு நான்கெழுத்துக் குறிகளைப் பெயருக்கு வெளியே வைத்துக்கொண்டது. என்னைக் கேட்டால் அதுதான் நாகரிகமான ஏற்பாடு. விண்டோஸில் ஒரு புகைப்படத்துக்கு எழுத்துக் கோப்புக்குரிய டிஎக்ஸ்டி வாலை ஒட்டிப் பாருங்கள், கூசாமல் நோட்பேடிடம் நீட்டிவிடும்.

போதாக்குறைக்கு, இந்த வாலை மறைத்துவைப்பதுதான் விண்டோஸின் வழக்கம். 2000 மே மாதம் உலகைச் சுற்றிய ஐ லவ் யூ வைரஸ் இதைத்தான் நம்பி இறங்கியது. பெயர் டிஎக்ஸ்டி என்று முடிவதுபோல் தெரியும். அதற்கும் பின்னால், தட்டியதும் ஓடிவிடும் நிரலுக்குரிய விபிஎஸ் என்ற நிஜ வால் ஒளிந்திருக்கும். ஆகவே பழுது பார்க்க உட்காருமுன் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் எக்ஸ்டென்ஷன்களைக் காட்டச் சொல்லிவிடுங்கள். பெயர் மாற்றும்போது வால் அறுந்துபோனதுதான் மொத்தக் கோளாறும் என்பது சில சமயம் அங்கேயே தெரிந்துவிடும்.

வாலிலிருந்து மென்பொருளுக்கு நேர்வழி கிடையாது. விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இரண்டு படி ஏற வேண்டும். முதல் படியில் டிஎக்ஸ்டி என்ற வாலுக்கு எதிரே ‘டிஎக்ஸ்டிஃபைல்’ என்று ஒரு வகைப்பெயர் இருக்கும். அந்த வகைப்பெயருக்குள் ஷெல், ஓப்பன், கமாண்ட் என்று இறங்கினால் ஓட வேண்டிய மென்பொருளின் முகவரியும், பக்கத்தில் %1 என்ற குறியும் இருக்கும். நீங்கள் தட்டிய கோப்பின் பெயர் அந்த %1இல் போய் உட்காரும். நடுவில் வகைப்பெயர் எதற்கு? ஜேபிஜி, ஜேபிஇஜி என்று இரண்டு வால் இருந்தாலும் இரண்டையும் ஒரே வகைப்பெயரிடம் அனுப்பிவிடலாம், கட்டளையை ஒருமுறை எழுதினால் போதும்.

மென்பொருளை நீக்கிய பிறகும் அதைக் காட்டும் பதிவு மிஞ்சிவிடுவது அடிக்கடி நடக்கும் பழுது. வீட்டைக் காலிசெய்தவருக்குக் கடிதம் போவது மாதிரி. செட்டிங்ஸில் டிஃபால்ட் ஆப்ஸ் பகுதிக்குப் போய் வேறு மென்பொருளைக் காட்டினால் தீர்ந்தது. ஐகான் மட்டும் தப்பு, திறப்பது சரியான இடத்தில்தான் என்றால் இணைப்பில் குறையே இல்லை. பெரும்பாலும், விண்டோஸ் எடுத்துவைத்திருக்கும் ஐகான் படங்களின் சேமிப்புதான் பழசாகியிருக்கும்.

தலைவலி இதற்கும் மேலே இருக்கிறது. மேற்சொன்ன பதிவுகள் கணினிக்குப் பொதுவாக ஓரிடத்திலும் பயனருக்கென்று தனியாக இன்னோரிடத்திலும் இருக்கும். மோதினால் பயனருடையது செல்லும். இரண்டுக்கும் மேலே யூசர்சாய்ஸ் என்றொரு பதிவு, நீங்கள் கையால் தேர்ந்தெடுத்ததைக் குறித்துவைப்பது. அதில் ஒரு பெயர் இருக்கும்வரை கீழே என்ன திருத்தினாலும் எடுபடாது. வாலையும் வகைப்பெயரையும் மாற்ற கமாண்ட் ப்ராம்ப்டில் தட்டும் பழைய அசாக், எஃப்டைப் கட்டளைகள் ‘மாற்றிவிட்டேன்’ என்று சொல்லியும் எதுவும் மாறாமல் இருப்பது இதனால்தான். நிறுவப்படும் ஒவ்வொரு மென்பொருளும் இந்த இடத்தைப் பிடிக்க அடித்துக்கொண்டதால், விண்டோஸ் 8 முதல் இதற்கு ஒரு முத்திரை வந்தது. பயனரின் அடையாள எண், வால், வகைப்பெயர், எழுதிய நேரம் முதலியவற்றைக் கலந்து கணக்கிடும் ஹாஷ் என்ற சரிபார்ப்புக் குறி அது. முத்திரை பொருந்தாவிட்டால் விண்டோஸ் அந்தத் தேர்வை ஏற்காது. இந்தப் பதிவை எழுதித் தருவதாகச் சொல்லும் பழைய திருத்தக் கோப்புகள் தோற்பதும் இங்கேதான். ஆனால் யூசர்சாய்ஸை அடியோடு நீக்கினால், விண்டோஸ் பேசாமல் அதற்குக் கீழுள்ள அடுக்கைப் பார்க்கப் போய்விடும். என் கதையிலும் அதுதான் மருந்து. ஷார்ட்கட்கள் செத்திருந்தாலும் ரன் பெட்டியில் ரெஜெடிட் என்று தட்டினால், ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் அந்த மென்பொருள் ஓடியது. ஷார்ட்கட்டின் வாலான எல்என்கேயின் பதிவை முதலில் எக்ஸ்போர்ட் செய்து நகலாக வைத்துக்கொண்டு, அதன் யூசர்சாய்ஸை நீக்கி லாக்ஆஃப் செய்து வந்தேன். ஐகான்கள் வேஷத்தைக் கலைத்துவிட்டிருந்தன.

மென்பொருள்களுக்கே உரிய எக்ஸ்இ வாலே பிசகினால் அந்த வழியும் அடைபடும். 2001இல் பரவிய சர்கேம் புழு எக்ஸ்இ வகையின் கட்டளையில் தன் பெயரை முன்னால் செருகிவைத்தது. எந்த மென்பொருளைத் திறந்தாலும் முதலில் ஓடுவது புழு. புழுவின் கோப்பை மட்டும் அழித்தவர்களுக்கு அப்புறம் எந்த மென்பொருளும் திறக்கவில்லை, ரெஜெடிட் உட்பட. அப்போது கைகொடுத்த தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது: ரெஜெடிட்டின் நகல் ஒன்றுக்கு எக்ஸ்இ வாலை எடுத்துவிட்டு காம் என்ற வாலை ஒட்டுவது. காமும் நிரலுக்குரிய வால்தான், ஆனால் வேறு வகை; அதன் பதிவு கெடவில்லை. ஆள் தேடும்போது வாலை மட்டும் பார்க்கும் விண்டோஸ், நிரலை ஓட்டும்போது உள்ளேதான் பார்க்கிறது. ‘எம்இஸட்’ என்ற தொடக்க எழுத்துகளைக் கண்டு, இது எக்ஸ்இதான் என்று புரிந்துகொண்டு ஓட்டிவிடும். உள்ளே போய் எக்ஸ்இயின் கட்டளையை "%1" %* என்று பழையபடி எழுதினால், நிரல்கள் மறுபடி தம் பெயரிலேயே திறக்கும்.