பாட்டன் கட்டிய வீட்டைப் பழுதுபார்த்தால் வரியில் கழிவு உண்டா?

காரைக்குடிப் பக்கம் ஆடிட்டராக இருந்தால், ஊர்த் திருவிழா முடிந்த கையோடு இந்தக் கேள்வி வந்துவிடும். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் வளவில், அதாவது நடுமுற்றத்தில், ஒழுகும் இடத்தைப் பார்த்திருப்பார்கள், கரையான் ஏறிய உத்தரத்தைத் தட்டிப் பார்த்திருப்பார்கள். கொத்தனார் சொன்ன தொகையைக் கேட்டு மலைத்துப் போய் நம்மிடம் வருவார்கள். “நூறு வருஷத்து வீடுங்க, பாரம்பரியக் கட்டடம். செலவு பண்ணினா வரியில ஏதாவது கழிப்பாங்களாமே?”

வீடு பழையது என்ற ஒரே காரணத்துக்காக நம் வருமான வரிச் சட்டம் உங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கழிப்பதில்லை. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. அது பெருமைதான், ஆனால் உங்கள் ரிட்டர்னில் அதற்கென்று கட்டம் எதுவும் இல்லை. கோயில் விஷயத்தில் சட்டம் வேறு மாதிரி. மத்திய அரசு அறிவிக்கை செய்த கோயிலின் திருப்பணிக்கு நன்கொடை கொடுத்தால், கழிவுகளை அனுமதிக்கும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு, வரம்புக்கு உட்பட்டு அதில் பாதி வருமானத்திலிருந்து கழியும். அதே பணத்தில் சொந்த வீட்டின் கூரையை மாற்றினால் கழிவு கிடையாது.

வெளிநாட்டில் கொட்டிக் கொடுக்கிறார்கள் என்ற பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். அமெரிக்காவில் வரலாற்றுக் கட்டடப் புனரமைப்புக்கு மத்திய அரசு தரும் 20 சதவீத வரிக் கழிவு, வருமானம் தரும் கட்டடங்களுக்கு மட்டுமே. குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு அது இல்லை. கலிபோர்னியாவில் மட்டும் 1972 முதல் மில்ஸ் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வீட்டைப் பராமரிப்பதாக உள்ளாட்சியோடு ஒப்பந்தம் போட்டால் சொத்து வரி குறையும். நம் ஊருக்கு வந்திருக்க வேண்டிய ஏற்பாடு அதுதான் என்பது என் எண்ணம்.

சரி, இங்கே நிஜமாகவே கிடைப்பது என்ன? சட்டம் வீட்டின் வயதைப் பார்ப்பதில்லை, அதை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்க்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டதால், எண்களை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

பூட்டியே கிடக்கும் வீடு, அல்லது வருஷத்துக்கு இரண்டு முறை வந்து தங்கும் வீடு என்றால், அதற்கு வருமானம் சூன்யம் என்று காட்டலாம். 2019 வரை ஒரே ஒரு வீட்டுக்குத்தான் இந்த வசதி இருந்தது. இப்போது இரண்டு வீடுகளுக்கு உண்டு. சென்னை பிளாட்டும் ஊர் வீடும் இதில் அடங்கிவிடும். கோயம்புத்தூரில் மூன்றாவதாக ஒன்று இருந்தால், ஏதாவது ஒன்றை வாடகைக்கு விட்டதாகவே பாவித்து, வராத வாடகைக்கு வரி கேட்பார்கள். பழைய வீட்டில் உங்களுக்கு இருப்பது சிறு பங்குதானே என்று அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

இந்த வகை வீட்டுக்குப் பழுதுபார்க்கக் கடன் வாங்கினால், வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழியும். அதுவும் பழைய வரி முறையில் இருந்தால்தான். அசலைத் திருப்பிக் கட்டுவதற்குச் சலுகை இல்லை. ஆனால் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது: அது வீட்டுக் கடனாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கூட்டுப் பட்டா வீட்டை நம்பி எந்த வங்கியும் எளிதில் கடன் தருவதில்லை, அதனால் இங்கே பலர் நகைக்கடன் வாங்கித்தான் ஓடு மாற்றுகிறார்கள். அந்தப் பணம் வீட்டு வேலைக்குத்தான் போனது என்று காட்ட முடிந்தால், அந்த வட்டியையும் இதே வரம்புக்குள் கேட்கலாம். நகைக்கடன் பணத்தில் பாதி கல்யாணத்துக்கும் பாதி கூரைக்கும் போயிருந்தால் கணக்கு குழம்பிவிடும். இரண்டையும் தனித்தனிக் கடனாக வாங்குங்கள்.

வாடகைக்கு விடும் வீட்டில்தான் பெரிய தவறான எண்ணம் இருக்கிறது. ஹோட்டல்காரருக்கு ஆண்டுக்கு 6,00,000 ரூபாய்க்குக் குத்தகை விட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். நீங்கள் கட்டிய வீட்டு வரி 20,000 போக மீதி 5,80,000. அதில் 30 சதவீதம், அதாவது 1,74,000, கேள்வி இல்லாமல் கழியும். மீதி 4,06,000 வருமானம். அந்த ஆண்டு நீங்கள் ஒன்பது லட்சம் செலவழித்து முகப்பையே புதுப்பித்திருந்தாலும் இதே 30 சதவீதம்தான், ஒரு ஆணிகூட அடிக்காவிட்டாலும் இதே 30 சதவீதம்தான். ஆகவே குத்தகைப் பேச்சில் கூரை யார் பொறுப்பு, பூச்சு யார் பொறுப்பு என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அவர் தொழில் நடத்துகிறவர், பழுதுபார்க்கும் செலவை முழுசாகக் கழிக்க அவருக்கு வழி இருக்கிறது. உங்களுக்கு இல்லை. கடன் வட்டி மட்டும் குத்தகைக்கு விட்ட வீட்டில் 30,000 என்ற வரம்பு இல்லாமல் கழியும்.

நீங்களே ஹோம்ஸ்டே நடத்தினால் அது வியாபார வருமானம், கணக்கே வேறு. உடைந்த நாட்டு ஓட்டை மாற்றுவது, உளுத்த கைமரத்தை மாற்றுவது, பெயர்ந்த சுண்ணாம்புப் பூச்சை மறுபடி பூசுவது எல்லாம் அந்த ஆண்டுச் செலவாகவே கழியும். அறைக்கு அறை புதிதாகக் குளியலறை கட்டினால் அது மூலதனச் செலவு, மொத்தமாகக் கழியாது, ஆண்டுக்கு 10 சதவீதம் தேய்மானமாகத்தான் வரும். இங்கே முக்கியமானது காலம். தொழில் தொடங்குவதற்கு முன்பு செய்யும் மொத்தப் புனரமைப்பும் பொதுவாக மூலதனக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். முடிந்தால் நன்றாக இருக்கும் இரண்டு அறைகளை வைத்துத் தொடங்கிவிட்டு, மற்ற கட்டுகளின் பழுதை ஓடிக்கொண்டிருக்கும் தொழிலின் செலவாகச் செய்யலாம். அப்புறம், ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு தள்ளுபடி ஆகிவிடும். சனிக்கிழமைக் கூலியை மேஸ்திரி கையில் மொத்தமாகக் கொடுக்கும் பழக்கம் இதில்தான் மாட்டுகிறது. மின் கட்டண வகையும் வீட்டு வரி வகையும் மாறக்கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

விற்கும்போது வரும் மூலதன ஆதாய வரிதான் பழைய ரசீதுகளுக்கு உயிர் கொடுக்கும் இடம். பூர்வீக வீட்டுக்கு 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த மதிப்பை அடக்க விலையாக எடுக்கலாம், பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருந்த அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல். அதன் பிறகு வீட்டை மேம்படுத்தச் செய்த செலவும் சேரும். வெள்ளையடித்தது சேராது. புதிய மாடி, தளம், புதிதாகப் போட்ட கூரை போன்றவை சேரும். 2010-11இல் 10 லட்சம் செலவழித்ததற்கு ரசீது இருக்கிறது, வீடு 2025-26இல் விற்றது என்றால், பணவீக்கக் குறியீட்டின்படி (167லிருந்து 376) அந்தப் பத்து லட்சம் 22.5 லட்சமாக வளரும். இந்தக் குறியீட்டைச் சேர்த்துக் கணக்கிடும் 20 சதவீத முறையில் வரி சுமார் நாலரை லட்சம் குறையும். குறியீடு இல்லாத 12.5 சதவீத முறையில் அதே ரசீது 1.25 லட்சம்தான் குறைக்கும். 2024 ஜூலை 23க்கு முன் கைக்கு வந்த சொத்தை விற்கும் உள்நாட்டுவாசிகள், இரண்டில் எதில் வரி குறைவோ அதைக் கட்டினால் போதும். சிங்கப்பூர், மலேசியாப் பங்காளிகள் இந்தியச் சட்டப்படி வெளிநாட்டுவாசிகள் என்றால் அவர்களுக்கு 12.5 மட்டுமே.

ஒரு ஆச்சி தன் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், முட்டை, ஆத்தங்குடிக் கல் வண்டிக்கூலி, ஆசாரி சம்பளம் என்று தேதியோடு அத்தனையும் இருந்தது, மேஸ்திரிக்கு வாங்கிக் கொடுத்த வேட்டி உட்பட. எழுத்துக்குப் பழகிய கை. ஆனால் யார் பணம் என்பது மட்டும் அதில் இல்லை. வீடு எட்டுப் பங்காளிகளுடையது, செலவழித்தது மூன்று பேர். பங்கு நிச்சயமாகத் தெரிந்த கூட்டு வீட்டில் வரி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான். வட்டிக் கழிவு கடன் வாங்கியவருக்கு, மேம்பாட்டுச் செலவு போட்டவருக்கு. போடாத ஐந்து பேர் தங்கள் பங்குக்கு அதைக் கேட்க முடியாது. போட்ட மூவருக்கும், தங்கள் பங்கைத் தாண்டிச் செலவழித்ததை அதிகாரி எளிதில் ஒப்புக்கொள்ளமாட்டார். வேலை தொடங்குமுன் எட்டுப் பேரும் ஒரு ஒப்பந்தம் எழுதி, ஒரே வங்கிக் கணக்கில் பணம் போட்டு, அதிலிருந்தே செலவழித்திருந்தால் இந்த வில்லங்கம் இல்லை.

பங்காளிகளிடமிருந்து பங்கை வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. தன் வீடு ஒன்றை விற்று, அந்தப் பணத்தைக் கொடுத்துச் சகோதரர்களிடம் அவர்கள் பங்குக்கு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கியதும் ‘வீடு வாங்கியது’தான் என்று உச்ச நீதிமன்றம் 1979இல் அரவிந்த ரெட்டி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆகவே சென்னை பிளாட்டை விற்ற ஆதாயத்தில் பூர்வீக வீட்டின் பங்குகளை வாங்கினால் ஆதாயத்தை வேறு வீட்டில் போட்டால் கிடைக்கும் மறுமுதலீட்டு விலக்கைக் கேட்கலாம். ஏற்கெனவே கையில் இருக்கும் வீட்டை வெறுமனே பழுதுபார்த்தால் அந்த விலக்கு இல்லை. ஆனால் வாங்கிய வீடு குடியிருக்க லாயக்கில்லாமல் இருந்து, அதைக் குடியிருக்கும்படி ஆக்கச் செய்த செலவைச் சில வழக்குகளில் வருமான வரித் தீர்ப்பாயங்கள் ஏற்றிருக்கின்றன. வாங்கிய அன்றே நாலாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். முத்திரைத் தீர்வையில் நெருங்கிய குடும்பத்துக்குள் எழுதும் பத்திரத்துக்கு உச்சவரம்பு உண்டு, தூரத்துப் பங்காளிக்குப் பொருந்தாது.

கடைசியாக, ஊரில் சுற்றும் ஒரு யோசனை: வீட்டை அறக்கட்டளை ஆக்கிவிட்டால் எல்லாச் செலவுக்கும் விலக்கு என்கிறார்கள். கலை, வரலாற்று மதிப்புள்ள இடங்களைப் பாதுகாப்பது சட்டப்படி அறப்பணிதான். ஆனால் அந்த வீட்டில் உங்கள் பேத்தியின் கல்யாணத்தைச் சலுகையில் நடத்தினால், குடும்பத்துக்குப் பயன் போனது என்று விலக்கில் சிக்கல் வரலாம். எழுதிக் கொடுத்த வீடும் திரும்பி வராது. அருங்காட்சியகமாகவே வைத்துக்கொள்ளும் எண்ணம் எட்டுப் பங்காளிக்கும் இருந்தால் மட்டும் அந்தப் பத்திரத்தைப் பற்றிப் பேசலாம்.