விமானம் இறங்கும்போது தூங்காதீர்கள்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருக்கிறேன். வேலந்தாவளம், கோபாலபுரம், வண்ணாமடை என்று கேரள-தமிழ்நாடு எல்லையை ஒட்டிய ஊர்களில் வளைகுடாவுக்குப் போய்வரும் ஆட்கள் அதிகம். கோயம்புத்தூரிலோ கொச்சி நெடும்பாசேரியிலோ வந்து இறங்கி, ஒரு ராத்திரி வீட்டில் படுத்துவிட்டு, காலையில் என்னிடம் வருவார்கள். "காதுக்குள்ள தண்ணி நிக்கிற மாதிரியே இருக்குதுங்க டாக்டர்." விளக்கு வைத்துப் பார்த்தால் செவிப்பறை சிவந்து, உள்பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். சிலருக்கு அதன் பின்னால் ரத்தம் கட்டியிருக்கும்.

மனிதன் பறக்கத் தொடங்கிய முதல் மாதத்திலேயே தொடங்கிவிட்ட வலி இது. 1783 நவம்பர் 21-ல் பாரிசில் இரண்டு பேர் சூடான காற்று நிரப்பிய பலூனில், கயிறு எதுவும் கட்டாமல், முதன்முதலாகப் பறந்தார்கள். பத்தே நாளில், டிசம்பர் 1-ஆம் தேதி, ஜாக் சார்லஸ் ஹைட்ரஜன் பலூனில் கிளம்பினார். பள்ளியில் படித்தோமே சார்லஸ் விதி, அவரேதான். கூடவந்த ராபர்ட் இறங்கியதும் பாரம் குறைந்த பலூனில் தனியாக மறுபடி ஏறினார். விறுவிறுவென்று சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்குப் போய்விட்டது. காதில் கடுமையான வலி. வாயுவைத் திறந்துவிட்டுக் கீழே வந்தவர், அதற்குப் பிறகு வாழ்நாளில் பறக்கவே இல்லை.

என்ன நடக்கிறது என்பதற்கு நம் பக்கத்து உதாரணமே போதும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது பையிலிருக்கும் நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட்டைப் பாருங்கள், பலூன்போல உப்பியிருக்கும். மேலே குடித்து முடித்த தண்ணீர் பாட்டிலை இறுக மூடிக் கீழே கொண்டுவந்தால் நசுங்கிப் போயிருக்கும். செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் நடுச்செவியும் அப்படி ஒரு காற்றறைதான். மூக்கின் பின்புறத்திலிருந்து அதற்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது, யூஸ்டேக்கியன் குழாய். ஏறும்போது உள்ளே விரியும் காற்று அந்தக் குழாயைத் தானே தள்ளித் திறந்து வெளியேறிவிடும். இறங்கும்போது அப்படி இல்லை. வெளியிலிருந்து காற்று உள்ளே போக வேண்டும். ஆனால் குழாயின் மென்மையான வாய் ஒட்டிக்கொண்டிருக்கும். எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ தசை இழுத்துத் திறந்தால்தான் உண்டு. சளி பிடித்து அந்த வாய் வீங்கியிருந்தால் அதுவும் நடக்காது. தூங்கிக்கொண்டிருப்பவர் விழுங்குவதும் மிகக் குறைவு.

காது வலியோடு நிற்கவில்லை, இன்னும் உயரே போனவர்களுக்கு உயிருக்கே ஆபத்து வந்தது. 1862-ல் இங்கிலாந்தில் கிளெய்ஷர் என்பவர் பலூனில் ஏறி மயங்கிச் சாய, கூடப்போன காக்ஸ்வெல் கை மரத்துப்போன நிலையில் வால்வுக் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்து இருவரையும் காப்பாற்றினார். 1875-ல் பிரான்சின் 'ஜெனித்' பலூனில் போன மூன்று பேரில் இருவர் ஆக்சிஜன் குறைவால் இறந்தார்கள். பிழைத்த திசாந்தியேவுக்குக் காது போய்விட்டது. 1903-ல் ரைட் சகோதரர்களின் முதல் பறப்புக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 12 நொடி, 120 அடி தூரம், தரையை ஒட்டி.

பயணிகள் விமானம் வந்ததும் காது வலி மறுபடி தலைதூக்கியது. 1930 மே மாதம் அமெரிக்காவில் முதல் விமானப் பணிப்பெண்ணாகச் சேர்ந்த எல்லன் சர்ச் பயிற்சி பெற்ற நர்ஸ். வீட்டுக்கு வீடு நர்ஸ் இருக்கும் நம் ஊரில் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் பயணிகளுக்கு மெல்லுவதற்குச் சூயிங்கம் கொடுப்பார்கள். வாய் மணக்க அல்ல, விழுங்கிக்கொண்டே இருக்க. 1940-ல்தான் உள்ளே காற்றழுத்தம் ஏற்றிய முதல் பயணிகள் விமானமான போயிங் 307 சேவைக்கு வந்தது.

சரி, இப்போதுதான் எல்லா விமானத்திலும் அழுத்தம் ஏற்றுகிறார்களே, பிறகு ஏன் வலிக்கிறது? ஏற்றுகிறார்கள்தான், ஆனால் தரைமட்ட அளவுக்கு அல்ல. விமானம் 35,000 அடியில் பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய 8,000 அடி உயரக் காற்று. ஊட்டிக்கும் தொட்டபெட்டா சிகரத்துக்கும் நடுவில் நிற்பதுபோல. அழுத்தம் அங்கே சுமார் 565 மி.மீ. பாதரசம், தரையில் 760. அந்த 195-ஐயும் காது அரைமணி நேரத்துக்குள் சமாளிக்க வேண்டும். 1937-ல் ஆம்ஸ்ட்ராங், ஹெய்ம் என்ற இரு அமெரிக்கர்கள் இதை ஆராய்ந்து எழுதினார்கள். வித்தியாசம் சுமார் 90 மி.மீ. ஆகிவிட்டால் குழாய் பூட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு விழுங்கினாலும் திறக்காது. அதாவது பாதி வழி இறங்கும்வரை சும்மா இருந்தால், அப்புறம் முயன்றும் பயன் குறைவு. வலி வந்தபிறகு அல்ல, விமானம் இறங்கத் தொடங்கியதும் விழுங்க ஆரம்பிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அழுத்தமே ஏற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2018 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் கிளம்பிய ஒரு விமானத்தில் காற்றழுத்தம் ஏற்றும் சுவிட்சைப் போட மறந்தார்கள். சுமார் முப்பது பேருக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம் வந்தது.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் சளி, மூக்கடைப்பு என்று வந்த ஒரு ஓட்டுநருக்கு மருந்து எழுதி அனுப்பினேன். விடுப்பில் வந்தவர், எப்போது திரும்பிப் போகிறார் என்று கேட்கவில்லை. மறுநாளே பறந்திருக்கிறார். செவிப்பறை ஓட்டையாகி, வண்டி ஓட்ட முடியாத அளவுக்குத் தலைசுற்றல். அன்றிலிருந்து மூக்கடைப்பு என்று யார் வந்தாலும் "டிக்கெட் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டுவிடுகிறேன்.

கடுமையான சளி இருந்தால் முடிந்தவரை தேதியைத் தள்ளுங்கள். முடியாவிட்டால், விமானம் இறங்கத் தொடங்குவதற்கு அரைமணி நேரம் முன்பு மூக்கடைப்பு நீக்கும் ஸ்பிரே உதவும்; ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. தொடர்ந்து பல நாள் அடித்தால் மூக்கடைப்பே கூடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கலாம், அல்லது மூக்கையும் வாயையும் மூடி மெதுவாக ஊதலாம். இரண்டாவதை வால்சால்வா என்ற இத்தாலிய மருத்துவர் 1704-லேயே எழுதிவைத்தார், பலூன் பறப்பதற்கு முன்பே. பலமாக ஊதினால் உள்காது கெடும். கைக்குழந்தைக்கு அந்தக் குழாய் குட்டையாகவும் குறுகலாகவும் இருக்கும். இறங்கும்போது எழுப்பி, நிமிர்த்திப் பிடித்துப் பால் கொடுங்கள்.

வலி வந்துவிட்டால், தயவுசெய்து பூண்டு காய்ச்சிய எண்ணெயை ஊற்றாதீர்கள். பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நேராக நடுச்செவிக்குப் போகும். காதை நனையாமல் விட்டாலே ஓட்டை பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். தலைசுற்றல், காதில் இரைச்சல், சட்டென்று கேட்காமல் போவது, ரத்தம் வருவது இருந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.

சென்ற மாதம் வண்ணாமடை அம்மா ஒருவர், பேத்தியைப் பார்க்க ஷார்ஜாவுக்கு முதல்முறை போகிறவர், "தூங்கிப்போட்டா என்னங்க தம்பி ஆகும்?" என்று கேட்டார். சிப்ஸ் பாக்கெட் கதையைச் சொன்னேன். இறங்கும்போது வாயில் கடலைமிட்டாய் போட்டுக்கொண்டதாக மகன் போனில் சொன்னார். திரும்பும் டிக்கெட் பங்குனியில். அதற்கு முன்னால் சளி பிடித்தால் உடனே கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.