கப்பல் பட்டியலில் பாட்டையாவைத் தேடாதீர்கள்

போன வாரமும் ஒருவர் வந்தார். ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, கப்பலேறிப் போன தன் பாட்டையாவின் பெயர் பயணிகள் பட்டியலில் கிடைத்துவிட்டது என்று ஒரு தாளை நீட்டினார். இணையத்தில் பணம் கட்டி எடுத்தாராம். வாங்கிப் பார்த்தால், லண்டனில் போய் இறங்கிய கப்பல்! ‘ராமநாதன் செட்டி’ என்று ஒரு பெயர் இருந்தது, அவ்வளவுதான். செட்டிநாட்டுக் குடும்பங்களுக்குப் பழைய ஆவணம் தேடித் தருவது என் தொழில். இப்படி எத்தனை தாள்களைத்தான் பார்ப்பது?

அந்தப் பட்டியல்கள் பிரிட்டன் துறைமுகங்களுக்கு வந்துபோன கப்பல்களுக்கானவை. சென்னை–ரங்கூன் கப்பல் அதில் எப்படி வரும்? 1937 வரை பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம்; அங்கே போவது உள்நாட்டுப் பயணம்தான். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை போன ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குத் தகப்பன் பெயர், வயது, ஊர் வரை எழுதி வைத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு நமக்கும் இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். வட்டிக்கடை வைக்கப் போனவர் அந்த ஒப்பந்தத்தில் போகவில்லை.

சரி, பெயர் ஒன்று என்றால் ஆளும் ஒன்றா? ஐயா பெயரைப் பேரனுக்கு வைப்பவர்கள் நாம். ஒரே வளவு வீட்டில் ராமநாதன், அவர் மகன் பழனியப்பன், மறுபடி ராமநாதன். பங்காளி வீட்டில் இன்னொரு ராமநாதன். இவர்களைப் பிரித்துக் காட்டுவது விலாசம், அதாவது பெயருக்கு முன்னால் வரும் குடும்ப முதலெழுத்துகள். பிள்ளை கூட்டி, அதாவது தத்தாக, வேறு வீட்டுக்குப் போயிருந்தால் அதுவும் மாறியிருக்கும். விலாசம், ஊர், குடும்பம் சேர்ந்த கோவில் மூன்றும் பொருந்தாமல் யாரையும் வம்சாவளியில் ஏற்றாதீர்கள். ஏற்றிவிட்டால், உங்கள் பேரப்பிள்ளைகள் அந்த வேற்று மனிதருக்குத்தான் படையல் போடுவார்கள்.

நீங்கள் தேடுவது பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கிறது. வேலைக்குப் போகும்போது எழுதிய சம்பளச் சீட்டு, மூன்று வருடத் தவணைக்கான கணக்கு, பேரேடு. ஒரு பேரேட்டில் மார்கழி மாதப் பக்கத்தில் கப்பல் செலவு, பெட்டி தூக்கிய கூலி, அடுத்தாள் (கடையின் உதவியாள்) கையில் கொடுத்த ரொக்கம் என்று வரிசையாக இருந்தது. எந்தப் பட்டியல் இவ்வளவு சொல்லும்? ஆனால் தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். பிரபவ என்றால் 1867ஆகவும் இருக்கலாம், 1927ஆகவும் இருக்கலாம். பக்கத்துக் கணக்குகளோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

பழைய உறையிலிருந்து தபால்தலையை வெட்டி எடுக்காதீர்கள். ஊரும் தேதியும் அதன் மேல் குத்திய தபால் முத்திரையில்தான் இருக்கின்றன. வெட்டிய உறையில் மிஞ்சுவது ஓட்டை. லேமினேஷன் வேண்டாம், செல்லோடேப் வேண்டவே வேண்டாம். காகிதக் கட்டைப் பிரிக்கும் முன் இருந்த வரிசையிலேயே படம் எடுங்கள். டிரங்குப் பெட்டியைப் பழம்பொருள் கடைக்கு விற்பதென்றால் விற்றுக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் காகிதத்தை எடைக்குப் போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்புறம், வீட்டில் வயதான ஆச்சி இருந்தால் அடுத்த விசேஷம் வரை காத்திருக்க வேண்டாம். கிட்டங்கி (தொழில் செய்து தங்கிய இடம்) எந்தத் தெருவில் இருந்தது, கடையை நடத்திய மேலாள் யார், ஐயா 1942இல் ஜப்பான் படையெடுப்பின்போது பர்மாவிலிருந்து நடந்து வந்தாரா, அதற்கு முன்பே கப்பலில் வந்துவிட்டாரா என்று இந்த வாரமே கேட்டு, அவர் சொல்லும்படியே எழுதிக்கொள்ளுங்கள்.