ராத்திரி மூன்று முறை எழுப்புவது சிறுநீர்ப்பையா, தொண்டையா?

"கணவருக்கு 52 வயது. வீடே அதிரும் குறட்டை. ராத்திரியில் மூன்று முறையாவது பாத்ரூம் போகிறார். சர்க்கரை இல்லை, ஸ்கேனில் புராஸ்டேட்டும் நார்மல். பிறகு ஏன்?" என்று கேட்கிறார் ஒரு வாசகி. குறட்டையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் எல்லோருக்கும் தளரும். கழுத்தில் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கும் தாடை சிறியவர்களுக்கும் நாக்கு பின்னால் சரிந்து மூச்சு வழியே அடைபடும். முழு அடைப்பும் பாதி அடைப்பும் சேர்த்து, பத்து நொடியாவது நீடிப்பவை மணிக்கு 5 வந்தாலே ஸ்லீப் ஆப்னியா. 30-ஐத் தொட்டால் கடுமை. மூளை அரைவிழிப்புக்கு வந்து தசையை இறுக்க, பெரிய செருமலோடு மூச்சு திரும்பும். காலையில் எதுவும் நினைவிருக்காது.

இனிதான் வேடிக்கை. தொண்டை மூடினாலும் உதரவிதானம் இழுப்பதை நிறுத்தாது. ஸ்ட்ராவின் அடிநுனியை விரலால் அடைத்துக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள். கன்னம் உள்ளே ஒட்டிக்கொள்ளும். மார்புக்குள்ளும் அதே கதை. வெளிக்காற்றோடு ஒப்பிட்டு, நீர்மட்ட உயரக் கணக்கில் சொன்னால், சாதாரண மூச்சில் மைனஸ் 8 செ.மீ. நீர் அளவுக்கு இருக்கும் அழுத்தம், அடைபட்ட மூச்சில் மைனஸ் 50-க்கும் கீழே போகலாம். இந்த இழுப்புக்குக் காற்று வர வழியில்லை. சிரைகளிலிருந்து ரத்தம்தான் வருகிறது. இதயத்தின் மேலறையான ஏட்ரியத்தின் சுவர் விரிகிறது. சுவர் விரிந்தால் இதயம் ஒன்றைத்தான் புரிந்துகொள்ளும்: உடம்பில் தண்ணீர் கூடிவிட்டது. உடனே ஏ.என்.பி. என்ற ஹார்மோனை அவிழ்த்துவிடும். சிறுநீரகமும் சொன்னபடி உப்பையும் நீரையும் வெளியே தள்ளும். தண்ணீர் கூடவே இல்லை என்பது இருவருக்கும் தெரியாது.

இந்த ஹார்மோன் வெளிச்சத்துக்கு வந்தது 1981-இல். ஏட்ரிய செல்களுக்குள் சுரப்பிகளில் இருப்பதுபோன்ற துகள்கள் எதற்கு என்ற கேள்வியோடு, கனடாவில் அடால்ஃபோ டி போல்ட் என்ற ஆய்வாளர் எலி ஏட்ரியத்தை அரைத்து, சாற்றை வேறு எலிகளுக்கு ஊசியாகப் போட்டார். சிறுநீரும் அதில் உப்பும் மளமளவென்று கூடின. 'சமூகப் பயன்' என்று கட்டம் போட்ட படிவத்தில் இந்த ஆய்வுக்கு நிதி கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மில்லி கோடு போட்ட ஜாடியில் 24 மணி நேரச் சிறுநீரையும் அளந்து எழுதுங்கள். தொடங்கும் நாளின் காலைச் சிறுநீர் கணக்கில் வராது. மறுநாள் காலை எழுந்ததும் போவது இரவுக் கணக்கு. இரவின் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டினால் உற்பத்தியே அதிகம், பையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒவ்வொரு முறையும் 100 மில்லிதான் என்றால் பையையும் புராஸ்டேட்டையும் பார்க்க வேண்டும். கால் வீக்கமும் இதயச் செயலிழப்பும்கூட இரவு உற்பத்தியைக் கூட்டும் என்பதால், குறிப்பை டாக்டரிடம் காட்டுங்கள். தூங்கும்போது மூச்சைப் பதிவுசெய்து பார்க்கும் தூக்க ஆய்வும் தேவைப்படும். நல்ல தூக்கம் வரட்டும் என்று சுயமாகத் தூக்க மாத்திரை போடுவதோ 'ஒரு பெக்' ஏற்றுவதோ தொண்டையை இன்னும் தளர்த்தும்.

சிகிச்சையில் முதலிடம் சிபாப் கருவிக்கு. அதுவும் 1981-இல் வெளியானதுதான்; சிட்னி மருத்துவர் காலின் சல்லிவனின் கைவண்ணம். ஆக்சிஜன் அல்ல, அறைக் காற்றையே 4 முதல் 20 செ.மீ. நீர் அழுத்தத்தில் மூக்கு வழியே செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைக்கிறது. இழுப்பு இல்லை, ஏட்ரியம் விரிவதில்லை. பலருக்குச் சில நாளிலேயே பாத்ரூம் நடை குறைகிறது.

கருவியைப் பரணில் ஏற்றவைப்பது பெரும்பாலும் அதன் காற்றை மூக்குக்குக் கொண்டுவரும் மாஸ்க்தான். காற்று கசிகிறதென்று பட்டையை இறுக்குவார்கள். மாஸ்க்கின் சிலிக்கோன் விளிம்பு காற்றில் உப்பினால்தான் தோலோடு ஒட்டும். இறுக்கினால் நசுங்கி இன்னும் கசியும், மூக்குத் தண்டும் புண்ணாகும். பட்டையைத் தளர்த்தி, படுத்தபடி, கருவி ஓடும்போது மாஸ்க்கைச் சற்றே தூக்கி வைத்துப் பொருத்துங்கள். வாய் திறந்து உலர்ந்தால் வாயையும் மூடும் மாஸ்க். ஈரப்பதத் தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர். போர்வெல் தண்ணீர் ஊற்றினால் வெள்ளை உப்புப் படியும்.

மூன்று மணிக்குக் கழற்றி வைத்துவிட்டு, "நாலு மணி நேரம் போட்டாச்சே" என்பவர்களும் உண்டு. கனவுத் தூக்கம் விடியலை நோக்கித்தான் நீள்கிறது. தொண்டைத் தசை மிக அதிகமாகத் துவள்வதும் அப்போதுதான். ஐந்து மணிக்கு அவர்கள் பாத்ரூம் வாசலில் நிற்பது அதனால்தான்.