பாவமன்னிப்புச் சீட்டா, தண்டனைத் தள்ளுபடியா?

தேர்வுக்காக, திருச்சபையைச் சீர்திருத்தக் கிளம்பிய ஜெர்மன் துறவி மார்ட்டின் லூதர் பற்றிய பாடத்தை உருப்போட்டுக்கொண்டிருந்த ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: “பாவத்தை மன்னிக்கப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறதே, அப்புறம் பாவமன்னிப்புச் சீட்டு எதற்கு?” அவள் கத்தோலிக்கப் பிள்ளை; குருவிடம் பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவதுதான் பாவசங்கீர்த்தனம் என்று அறிந்தவள். கேள்வி நியாயமானது. பிழை ‘பாவமன்னிப்புச் சீட்டு’ என்ற சொல்லில் இருக்கிறது. எத்தனை வரலாற்றுப் புத்தகங்களில் இந்தச் சொல்லைப் பார்த்துவிட்டேன்!

திருச்சபை வழங்கும் இந்தச் சலுகைக்கு ஆங்கிலத்தில் இன்டல்ஜென்ஸ் என்று பெயர். கண்டிப்பைத் தளர்த்துவது, இரங்கி விட்டுக்கொடுப்பது என்ற பொருளுள்ள ‘இந்துல்கெந்தியா’ என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ரோமானியச் சட்டத்தில் வரியையோ தண்டனையையோ தள்ளுபடி செய்வதற்கு அதுதான் பெயர். ஜெர்மன் ‘அப்லாஸ்’ என்பதிலும் விட்டுவிடும் பொருளே.

எதை விட்டுவிடுவது? கத்தோலிக்கப் போதனைப்படி, மனம் வருந்தி அறிக்கையிட்டால் பாவத்தின் குற்றம் மன்னிக்கப்படும். அதன் பிறகும் தற்காலிகத் தண்டனை மிஞ்சும். அதை இங்கே தவத்தால் தீர்க்கலாம்; இல்லையேல் இறந்தபின் ஆன்மா தூய்மை பெறும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் தீர்க்க வேண்டும். இன்டல்ஜென்ஸ் தொடுவது இந்த மிச்சத் தண்டனையை மட்டுமே. 1095இல் பிரான்சின் கிளெர்மோனில் கூடிய திருச்சபைச் சங்கத்தில், பக்தியோடு எருசலேமுக்குச் சிலுவைப் போருக்குப் புறப்படுவோருக்கு அந்தப் பயணமே தவத்துக்கு ஈடு என்று திருத்தந்தை (போப்) இரண்டாம் அர்பன் அறிவித்தபோது சீட்டு ஏது? பெயர் எழுத இடம்விட்ட அச்சுத் தாள்கள், ஐரோப்பாவில் அச்சுக்கலையைத் தொடங்கிய கூட்டன்பெர்க் காலத்தில், 1454 வாக்கில்தான் வருகின்றன. தாளுக்குச் சீட்டு என்று பெயர் வைக்கலாம். தாள் தருகிற பொருளுக்கு அந்தப் பெயர் ஆகாது.

“மக்கள் பாவமன்னிப்பு என்று நம்பித்தானே வாங்கினார்கள்?” என்பார்கள். பலர் அப்படித்தான் நம்பினார்கள். ரோமின் புனித பேதுரு பேராலயக் கட்டுமானத்துக்கும், மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்டின் கடனுக்கும் பணம் திரட்டப் புறப்பட்ட டெட்செல் என்ற துறவி போன்றவர்களின் பிரசங்கம் அந்த நம்பிக்கையை வளர்த்தது. 1517இல் லூதர் கொதித்ததே அதற்காகத்தான். குற்றத்தைக் கடவுள் மன்னித்துவிட்டார் என்று அறிவிக்கலாமே தவிர, திருத்தந்தையால் தாமாக எந்தக் குற்றத்தையும் நீக்க முடியாது என்கிறது, அப்போது அவர் எழுதிய 95 கூற்றுகளில் 6ஆவது. எந்த மயக்கத்தை எதிர்த்து அவர் எழுதினாரோ, அந்த மயக்கத்தையே நாம் கலைச்சொல்லாக்கி மாணவர்கள் கையில் கொடுத்திருக்கிறோம். பிறகு அந்தக் கூற்றுகள் எப்படிப் புரியும்?

தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் இதற்குப் ‘பலன்’ என்று பெயர்; முழுமையானது ‘பரிபூரண பலன்’. பக்திக்கு இனிய சொல்தான். ஆனால் எதன் பலன், எதற்குப் பலன் என்று சொல்லாது. கோவிலில் பரிபூரண பலன் அறிவிப்பைக் கேட்கிற பிள்ளைக்கு, பள்ளியில் படித்த சீட்டும் இதுவும் ஒரே சொல்லின் பெயர்ப்பு என்று தெரிய வழியே இல்லை. பணத்தோடு கட்டிய சலுகைகளை திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் (பயஸ்) 1567இலேயே ஒழித்துவிட்டார்; ‘சீட்டு’ என்ற சொல்லோ கடை இன்னும் திறந்திருப்பதுபோல் காட்டுகிறது. ஆங்கில அகராதியின் முதல் பொருளைப் பிடித்துக்கொண்டு, லூதர் ‘இன்பநுகர்வை’ எதிர்த்தார் என்று எழுதிய மொழிபெயர்ப்பையும் படித்து நொந்திருக்கிறேன். எதை மொழிபெயர்க்கிறோம் என்று ஒரு நிமிடம் விசாரிக்கக்கூடாதா?

நான் எழுதுவது ‘தண்டனைத் தள்ளுபடி’. ‘தண்டனைக் குறைப்பு’ சிறை வழக்கில் உள்ள நல்ல சொல், ஆனால் முழுமையானதற்குப் பொருந்தாது. தள்ளுபடி பாதியாகவும் இருக்கலாம், முழுமையாகவும் இருக்கலாம். பயிர்க்கடன் வாங்கிய எவருக்கும் விளக்கவே வேண்டாம். தண்டனை வடசொல், ‘ஒறுத்தல்’ என்று போடு என்பார்கள். தண்டித்தல் என்ற பொருளில் குறளில் உள்ள சொல்தான். ஆனால் தவக்காலத்தில் நாமே விரும்பி மேற்கொள்வதைத்தான் இன்று ஒறுத்தல் முயற்சி என்கிறோம். அதைப் போய்த் தள்ளுபடி செய்வதா?

அந்த மாணவிக்கு 36ஆம் கூற்றை இப்படி எழுதிக் கொடுத்தேன்: உண்மையாக மனம் வருந்துகிற எந்தக் கிறிஸ்தவருக்கும், தள்ளுபடிக் கடிதம் இல்லாமலேயே, தண்டனையிலிருந்தும் குற்றத்திலிருந்தும் முழு விடுதலை உண்டு. “அப்போ தண்டனை வேறு, குற்றம் வேறா?” என்றாள்.