கழுத்துக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பட்டை

குன்னூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அப்போது 12-ஆவது வாரம். ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அக்கா, பாப்பா கழுத்துல தண்ணி சேர்ந்திருக்காம். 4 மில்லிமீட்டராம். அது ரொம்பவா?" என்றாள்.

துவரம்பருப்பு அளவுகூட வராது. ஆனால் உச்சந்தலையிலிருந்து புட்டம்வரை 6 சென்டிமீட்டர்கூட நிரம்பாத உயிருக்கு அது அதிகம்தான்.

மலையில் வீடு கட்டியவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். சரிவில் தடுப்புச்சுவர் எழுப்பும்போது நடுநடுவே குழாய் வைப்பார்கள். குழாய் அடைத்துக்கொண்டால் ஐப்பசி மழையில் பின்னால் நீர் தேங்கிச் சுவர் உப்பிவிடும். உடம்பிலும் திசுக்களுக்கு நடுவே கசியும் நிணநீர், கழுத்தின் இருபுறமும் உள்ள பைகள் வழியாகப் பெரிய இரத்தக்குழாயில் போய்ச் சேரவேண்டும். அந்த இணைப்பு தாமதப்பட்டால், அல்லது இதயம் சரியாக இறைக்காவிட்டால், பிடரித் தோலுக்கு அடியில் நீர் தேங்கும். ஸ்கேனில் அது கறுப்புப் பட்டையாகத் தெரியும். 11 முதல் 13 வாரம் 6 நாள்வரை எல்லாக் குழந்தைக்கும் இந்தப் பட்டை கொஞ்சம் இருக்கும், 3.5 மில்லிமீட்டரைத் தாண்டினால்தான் கவலை. நீர் இன்னும் பெருத்து உள்ளே தடுப்புகளும் தெரிந்தால் அதற்கு சிஸ்டிக் ஹைக்ரோமா என்று பெயர். அப்படிப்பட்ட கருக்களில் ஏறக்குறையப் பாதியில் குரோமோசோம் கோளாறு, அதாவது செல்லுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் இழைகளில் கோளாறு, இருக்கிறது. ஒரு எக்ஸ் குரோமோசோம் இல்லாத டர்னர் குறைபாட்டோடு பிறக்கும் பெண்களின் கழுத்தோரம் தோல் மடிப்பாக விரிந்திருப்பது இந்தப் பழைய வீக்கத்தின் தடம். 21-ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் குறைபாட்டை 1866-இல் விவரித்த ஆங்கில மருத்துவர் லாங்டன் டவுன், அது உள்ளவர்களின் தோல் உடம்பைவிடப் பெரியதுபோல் தெரிகிறது என்று எழுதினார். ஸ்கேனே இல்லாத காலத்துக் கண்!

சரி, உப்பியிருப்பது தெரிகிறது. ஏன் என்பதை ஸ்கேன் சொல்லாது. அதற்குப் பனிக்குட நீர் வேண்டும்.

16-ஆவது வாரத்தில் அந்த நீரில் பெரும்பங்கு குழந்தையின் சிறுநீர். குழந்தை அதையே விழுங்கி அதையே மறுபடி கழிக்கும். அதில் தோலிலிருந்தும் சிறுநீர்ப்பையிலிருந்தும் உதிர்ந்த செல்கள் மிதக்கும். 15 வாரம் முடிந்தபிறகு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே தாயின் வயிற்றில் மெல்லிய ஊசி போட்டு 15 முதல் 20 மில்லி எடுப்பார்கள். வைக்கோல் ஊறிய தண்ணீர்போல வெளிர்மஞ்சளாக இருக்கும். முதல் ஓரிரு மில்லியைத் தனியே ஒதுக்கிவிடுவார்கள். அதில் தாயின் செல் கலந்திருக்கலாம்.

"ஊசி பாப்பா மேல பட்டுடாதா?" என்று அவள் கேட்டாள். ஊசிமுனை எங்கே இருக்கிறது என்பது திரையில் தெரிந்துகொண்டே இருக்கும். ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். தேர்ந்த கைகளில், 1,000 பேரில் 1 முதல் 3 பேருக்குக் கரு கலையலாம்.

அப்புறம் ஆய்வகம். 13, 18, 21, எக்ஸ், ஒய் குரோமோசோம்களுக்கான விரைவுச் சோதனை இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். முழுப்படம் வேண்டுமென்றால் செல்களை வளர்க்கவேண்டும். அதற்கு இரண்டு வாரம்போல ஆகும். செல் இரண்டாகப் பிரியும் நேரத்தில்தான் குரோமோசோம்கள் தடித்துத் தனித்தனியாகத் தெரியும். அந்த நொடியில் செல்லை நிறுத்திவைக்க கொல்ச்சிசின் வகை மருந்து ஒன்றைச் சேர்ப்பார்கள். கொல்ச்சிசின் நம் செங்காந்தளிலும் இருக்கிறது. கண்வலிக் கிழங்கின் நஞ்சே அதுதான். பிரிந்துபோகும் இழைகளை இழுக்கும் கயிற்றை அது கட்டவிடாது. செல் பாதியில் நின்றுவிடும். படமெடுத்து 23 ஜோடியாக அடுக்கிப் பார்ப்பார்கள். பனிக்குட நீரின் செல்லை வளர்த்து இப்படிக் குரோமோசோம் எண்ணலாம் என்று 1966-இல் ஸ்டீல், பிரெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். எக்ஸ், ஒய் எல்லாம் ஆய்வகத்துக்குத் தெரிந்தாலும், ஆணா பெண்ணா என்பதைப் பெற்றோரிடம் சொல்ல 1994-ஆம் ஆண்டுச் சட்டம் விடாது.

அவள் கோயம்புத்தூர் போய் ஊசி போட்டுக்கொண்டு, அன்றே மலையேற வேண்டாம் என்று சித்தி வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வந்தாள். முடிவு வந்தது: 46 குரோமோசோமும் சரியாக இருந்தன. மாமியார் சர்க்கரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான்தான் இடையில் புகுந்து கெடுத்தேன். நீர் தேங்க இதயக் கோளாறும் காரணமாகலாம், குரோமோசோம் எண்ணிக்கையில் அது தெரியாது. ஆகவே 20-ஆவது வாரத்தில் குழந்தையின் இதய ஸ்கேனுக்கு இன்னொரு தடவை மலை இறங்கவேண்டும். "பஸ்ல வாந்தி வருமேக்கா" என்றாள். முன் சீட்டில் உட்காரச் சொன்னேன்.